பட்டம் பெரிதா, கேள்வி பெரிதா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தையும் தாயும் நம்மைக் காண வந்தனர். தந்தையின் கையில் ஒரு வண்ண விளம்பரத் தாள். தாயின் முகத்தில் இரவெல்லாம் உறங்காத களைப்பு. "சாமி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று தந்தை தாளை நீட்டினார்.

'டிஜிட்டல் புத்தாக்கமும் உருமாற்றமும்' என்னும் துறையில், வீட்டில் இருந்தவாறே, பதினெட்டு மாதங்களில் முனைவர் பட்டம் பெறலாம் என்று அத்தாள் அறிவித்தது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. கட்டணமோ பல இலட்சம். அவர்களுடைய மகள் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள், வயது முப்பத்திரண்டு, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்படிப்பில் சேரவேண்டும் என்பது அவளது ஆசை. மருமகனுக்கு மறுப்பில்லை. தாயோ, தம் நகைகளை மறுநாளே வங்கியில் அடகு வைக்கத் துணிந்துவிட்டார். தந்தைக்குத்தான் மனமில்லை. "கல்யாணம் முடிஞ்சு பிள்ளையும் பெத்தவளுக்கு இனி எதுக்கு சாமி டாக்டர் பட்டம்?" என்றார்.

நாமும் சிந்தியாமல் அவர் பக்கமே சாய்ந்தோம். "குழந்தை வளரட்டும், பட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்று மாலை செபமாலைக்குப் பின் அந்த மகளே வந்தாள். கோபம் இல்லை, குரல் மட்டும் சற்றுத் தழுதழுத்தது. "சாமி, அப்பா எல்லாம் சொன்னாங்க. என் வயசு கேட்டீங்க, பிள்ளை வயசு கேட்டீங்க, ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டீங்க. நான் எதப்பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு மட்டும் ஒருத்தருமே கேக்கலையே" என்றாள்.

வாசகர்களே, முப்பது ஆண்டுகளாக ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்டுவரும் நமக்கு அச்சொல் நன்றாகவே தைத்தது. "தப்புத்தான் அம்மா, இப்போது சொல்" என்றோம். சொன்னாள்.

அவளுடைய ஆச்சி நாற்பது ஆண்டு உப்பளத்தில் உழைத்தவர். உப்பு தின்று தேய்ந்த விரல்களில் ரேகை இல்லை. நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி வந்தபின், மாதந்தோறும் ஆச்சி விரலை மாற்றி மாற்றி வைக்கிறார். கருவி 'இல்லை' என்கிறது. கருவி வந்ததால் நன்மையும் உண்டு, ஒருவர் பொருளை மற்றொருவர் வாங்குவது குறைந்தது என்பதை அவள் மறுக்கவில்லை. ரேகை விழாதவர்க்கு மாற்றுவழி உண்டு என்பதையும் அறிவாள். ஆனால் அவ்வழியைக் கேட்டுப்பெறத் தெரிந்தவருக்கே அது கிடைக்கிறது. ஆச்சியோ கேட்கக் கூசித் திரும்பிவிடுகிறார். முன்னர் கடைக்காரர் முகம் பார்த்துப் பொருளை அளந்தார். இன்று அவரே, "நான் என்ன செய்ய ஆச்சி, மிஷின் சொல்லணும்" என்கிறார். "மிஷின் இல்லன்னு சொல்லும்போது, ஆமான்னு சொல்ற அதிகாரம் யார் கையில இருக்கு சாமி? அது யார்கிட்ட இருந்து யார்கிட்டப் போச்சு? அதத்தான் படிக்கணும்" என்றாள்.

அவள் சென்றபின் வெகுநேரம் நாம் எழுந்திருக்கவில்லை. அத்துறையைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு குறைவு என்பது புலனாயிற்று. அதன்பின் படித்ததையும் சிந்தித்ததையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். நம் பங்குகளில் இதே கேள்வியோடு நிற்கும் பிள்ளைகள் பலர் இருக்கக்கூடும் அன்றோ?

முதலில் அத்துறையின் பெயரைப் பார்ப்போம். புத்தாக்கம் என்பது புதிதாய் ஒன்றை உண்டாக்குவது. உருமாற்றம் என்பது, அப்புதியது வந்தபின் மனிதரின் வேலையும் உறவும் அதிகாரமும் மாறுவது. முன்னதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பின்னது மெல்ல மெல்ல நிகழ்வது; பெரும்பாலும் நடந்து முடிந்தபின்னரே கண்ணுக்குத் தெரிவது.

ஓர் எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றினோம். பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர் என எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. ஆனால் பழைய ஏட்டின் ஓரத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பின்னாளில் எழுதப்பட்ட குறிப்புகள் உண்டு: இன்ன ஆண்டில் இன்ன கோவிலில் திருமணம், இன்ன ஆண்டில் குருப்பட்டம் என்று. அவற்றைக் குறித்துவைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவற்றுக்குக் கட்டமே இல்லை! திருமண ஓலைக்கு வந்த ஓர் இளைஞனின் பதிவைத் தேடியபோதுதான் அது நமக்கு உறைத்தது. பழைய ஏட்டைக் கட்டிப் பரணில் போட்டிருந்தோமானால் என்ன ஆகியிருக்கும்? கருவியைக் கொண்டுவந்தது புத்தாக்கம். ஓரக்குறிப்பு மறைந்தது உருமாற்றம். மறைந்தது எது, அதனால் நலிந்தவர் யார் என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையாய்த் தேடி, சான்றுகளோடு நிறுவுவதே இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு.

இவ்வழியில் முன்னோடிகளாய் நடந்தவர்களுள் இருவர் நம் திருச்சபையின் துறவியர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருவரும் பிறந்தது 1913-ஆம் ஆண்டில்.

முதல்வர், இயேசு சபைக் குருவான அருட்தந்தை ரொபெர்த்தோ பூசா. இத்தாலி நாட்டு விச்சென்சா நகரில் பிறந்தவர். பெல்லூனோ குருமடத்தில் அவருடன் பயின்ற அல்பினோ லூசியானி என்பவரே, 1978-இல் முதலாம் அருள் சின்னப்பர் என்னும் பெயரோடு முப்பத்துமூன்று நாள் திருத்தந்தையாய் விளங்கியவர். பூசா 1933-இல் இயேசு சபையில் சேர்ந்தார், 1940-இல் குருவானார். உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், புனித தாமஸ் அக்குவினாஸ் 'உடனிருத்தல்' என்பதைப் பற்றி என்ன கற்பித்தார் என்பதாகும். இறைவன் நம்மோடு இருக்கிறார் என்கிறோமே, அவ்விருத்தல் எத்தகையது? இதுவே அவரது கேள்வி.

உடனிருத்தலைக் குறிக்கும் பெரிய இலத்தீன் சொற்களைத் தேடித் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் விடை அகப்படவில்லை. புனிதரின் கருத்து, 'இன்' என்னும் மிகச் சிறிய சொல்லிலேயே தங்கியிருந்தது. 'வீட்டில்', 'உள்ளத்தில்' என்று நாம் சொல்லும்போது இறுதியில் நிற்கும் 'இல்' என்னும் உருபு தமிழில் செய்யும் வேலையை, இலத்தீனில் அச்சிறு சொல் பெயருக்கு முன்னே நின்று செய்கிறது. எவரும் பொருட்படுத்தாத அச்சொல் வரும் வாக்கியங்களை அவர் தம் கையாலேயே பத்தாயிரம் அட்டைகளில் எழுதிச் சேர்த்தார். 1946-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அத்தோடு நின்றிருந்தால், நூலகத்தில் இன்னும் ஓர் ஆய்வேடு சேர்ந்திருக்கும்; அவ்வளவே. ஆனால் அவருக்குள் மற்றொரு கேள்வி எழுந்தது. ஒரு சொல்லுக்கே பத்தாயிரம் அட்டை என்றால், புனிதரின் எல்லாச் சொற்களையும் இவ்வாறு அடுக்குவது எங்ஙனம்? 1949-இல் அவர் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டார். துளையிட்ட அட்டைகளைப் பிரித்து அடுக்கும் இயந்திரங்கள் அந்நிறுவனத்தில் இருந்தன. அவர் கேட்பது இயலாத காரியம் என்று அலுவலர்கள் ஏற்கெனவே தலைவருக்கு அறிக்கை கொடுத்துவிட்டனராம். இயலாததைச் செய்து முடிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான் என்னும் பொருள்பட அந்நிறுவனமே அச்சிட்டிருந்த விளம்பர அட்டையைக் காத்திருப்போர் அறையில் கண்ட பூசா, அதையே எடுத்துச்சென்று தலைவர் முன் வைத்தாராம். முதுமையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன நிகழ்ச்சி இது. வாட்சன் இசைந்தார்.

அடுத்த முப்பது ஆண்டு உழைப்பின் கனி, 'இன்டெக்ஸ் தோமிஸ்டிக்குஸ்' என்னும் சொல்லடைவு: ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்கள், 56 பெருந்தொகுதிகள், 1974 முதல் 1980 வரை அச்சேறியவை. 1989-இல் அது குறுந்தகட்டிலும், 2005-இல் இணையத்திலும் வந்தது. கணிப்பொறியைக் கொண்டு நூல்களை ஆராயும் துறைக்கு வழிவகுத்தோருள் முதன்மையானவராக இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் அவரைப் போற்றுகின்றன. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், தொண்ணூற்றேழாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். உழைப்பையும் நேரத்தையும் குறைப்பது மட்டுமன்று, ஆராய்ச்சியின் ஆழத்தையும் தரத்தையும் கூட்டுவதே கணிப்பொறியின் தலையாய பயன் என்று அவர் வலியுறுத்தினார்.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. அந்த இலட்சக்கணக்கான அட்டைகளில் துளையிட்டவர் யாவர்? வட இத்தாலியின் கல்லராத்தே நகரில் பூசா ஒரு பயிற்சி மையம் நடத்தினார். 1950-களின் நடுவிலிருந்து 1967 வரை அங்கு அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுள் பலர் இலத்தீன் அறியாதவர். பொருள் புரியாத மொழியை எழுத்து எழுத்தாய்ப் பிழையின்றி அட்டையில் ஏற்றினர். குருவானவரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அப்பெண்களின் பெயர்களோ வெகுகாலம் எங்கும் எழுதப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் ஜூலியன் நைஹன் என்னும் ஆய்வாளர், அவர்களுள் உயிரோடிருந்த சிலரைத் தேடிச்சென்று, அவர்கள் நினைவுகளைக் கேட்டு ஒரு நூலாக்கினார். ஆச்சியின் விரலைப் பற்றிக் கேட்கும் நம் மகளின் கேள்விக்கு இதுவும் உடன்பிறப்பே அன்றோ?

இரண்டாமவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1932-இல் புனித கன்னி மரியாவின் அன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, 1940-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். கணிதத்தில் இளங்கலைப் பட்டம் 1943-இல். முதுகலைப் பட்டம் 1953-இல். அதற்குப் பின்னும் ஓயவில்லை. 1965-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தமது ஐம்பத்தோராம் வயதில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் முதன்முதலாக அளிக்கப்பட்ட இரு முனைவர் பட்டங்கள் ஒரே நாளில் அமைந்தன. அவற்றுள் ஒன்று இத்துறவியுடையது. எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்தால், அவற்றிலிருந்து பொதுவிதியை இயந்திரம் தானே உய்த்துணரக்கூடுமா என்பதை ஒட்டியது அவரது ஆய்வு. செயற்கை நுண்ணறிவு என்று இன்று வீடுதோறும் பேசப்படுகிறதே, அதன் வாசற்படியில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கன்னியர் நின்றார்!

பட்டம் பெற்றவர் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகவில்லை. ஐயோவா மாநிலத்து டுபியூக் நகரில் தம் சபை நடத்திய கிளார்க் மகளிர் கல்லூரிக்குத் திரும்பி, அங்கே கணிப்பொறித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டு அதை நடத்தினார். பெண்கள் இத்துறைக்கு வரவேண்டும் என்று இடைவிடாது வாதாடினார். வேலைக்குச் செல்லும் தாய்மார், பார்த்துக்கொள்ள ஆளில்லாத கைக்குழந்தைகளை வகுப்புக்கே எடுத்துவரலாம் என்று ஊக்குவித்தார் என்பர். 1985-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் காலமானார்.

இதைப் படித்தபோது, 'குழந்தை வளரட்டும்' என்று நாம் சொல்லியனுப்பிய வார்த்தை நம் செவியிலேயே ஒலித்தது. கைக்குழந்தைக்கு வகுப்பில் இடம் கொடுத்தவர் ஒரு துறவி. பங்குத்தந்தையாகிய நாமோ, குழந்தையைக் காரணம் காட்டித் தாய்க்குக் கதவடைத்தோம். அம்மகளிடம் மன்னிப்புக் கேட்டோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

எனினும், அந்த விளம்பரத் தாளை நாம் ஆதரிக்கவில்லை. பெற்றோரே, இதைக் கவனமாய்ப் படியுங்கள். கல்வி வணிக நிறுவனங்கள் அயல்நாட்டுக் கல்வி நிலையங்களோடு சேர்ந்து இணையவழியில் அளிக்கும் முனைவர் பட்டங்கள் ஏற்கப்படமாட்டா என்று, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக எச்சரித்தன. அதே ஆண்டு நவம்பரில் வெளியான விதிகளின்படி, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள். பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்கவேண்டும். பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் தரப்படலாம். பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாள்வரை விடுப்பும் உண்டு. பணியிலிருப்போர், பணியிடத்தின் இசைவுச் சான்றோடு பகுதிநேரமாகவும் பயிலலாம். ஆக, குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு நேர்வழியிலேயே இடமிருக்கிறது. குறுக்குவழிக்கு நகையை அடகு வைப்பானேன்?

ஆகவே, உங்கள் பிள்ளை முனைவர் பட்டம் என்று வந்து நின்றால், மூன்றைக் கேளுங்கள்.

முதலாவது, "உன் கேள்வி என்ன?" என்று கேளுங்கள். அதை ஆச்சிக்கும் விளங்கும்படி அவர்கள் சொல்லக் கூடுமானால் அது உயிருள்ள கேள்வி. பெரிய பெரிய சொற்களாய் அடுக்கிவிட்டு, கேட்டவர் முகம் வெறிச்சோடிப் போனால், இன்னும் சிறிதுகாலம் பொறுக்கச் சொல்லுங்கள். பெயருக்கு முன் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வதற்காக மட்டும் எவரும் ஆறு ஆண்டைச் செலவிட வேண்டுவதில்லை. முனைவர் பட்டம் இல்லாமலே கேட்டு விடை காணத்தக்க கேள்விகளும் உலகில் நிரம்ப உண்டு.

இரண்டாவது, "உன்னை வழிநடத்துபவர் யார்?" என்று கேளுங்கள். நெறியாளரின் பெயரையும், பல்கலைக்கழகம் ஏற்பு உடையதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்தால் ஆய்வேட்டையே எழுதித் தருவோம் என்று சொல்வாரும் இருக்கின்றனர். கட்டளையிட்டால் பக்கம் பக்கமாய் எழுதித் தள்ளும் இயந்திரமும் இன்று வந்துவிட்டது. பிறர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்துப் பட்டம் பெறுபவர், களவு செய்யாதே என்னும் கட்டளையையும் பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளையையும் ஒருங்கே மீறுகிறார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய காரியம் இது.

மூன்றாவது கேள்வியை உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: "இவர்களுடைய சுமையில் நாங்கள் எதைத் தாங்கப்போகிறோம்?" கோபுரம் கட்டப் புகுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடுபவனைப் பற்றி ஆண்டவர் கூறியிருக்கிறார். அக்கணக்கு பணத்தைப் பற்றியது மட்டுமன்று. சனிக்கிழமைகளில் குழந்தையை யார் பார்ப்பது, இரவில் விளக்கெரியும்போது யார் முணுமுணுக்காமல் இருப்பது என்பதும் அக்கணக்கில் சேரும். கல்லராத்தேயின் இளம்பெண்கள் இல்லாமல் 56 தொகுதிகள் வந்திரா. அவர்களைப் போல் பெயர் தெரியாமற் போகாதபடி, உதவுபவரை நன்றியோடு நினைப்பது பயில்பவரின் கடமை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 6-ஆம் நாள் ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடுகிறோம். தாபோர் மலையில் அவர் வேறொருவராய் மாறிவிடவில்லை. உள்ளே இருந்த மாட்சியே வெளியே சுடர்ந்தது. அலுவலகத்திலும் கடையிலும் பள்ளியிலும் இன்று உருமாற்றம் என்று சொல்லப்படுவதை இந்த ஒளியில் வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள மனிதர் முன்னினும் நன்றாய்த் தெரிகிறாரா, அல்லது மறைந்துபோகிறாரா? இதை யாரேனும் கவலையோடு கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நம் பிள்ளைகள் அதைக் கேட்கப் புறப்பட்டால், தடுப்பதா நம் வேலை?

இனி அக்குடும்பத்தின் செய்தி. நகைகள் அடகுக்குப் போகவில்லை. விளம்பரத் தாள் எங்கோ குப்பையில் சேர்ந்தது. மகள் நகரத்திலுள்ள ஏற்புடைய பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியரை இருமுறை கண்டு பேசியிருக்கிறாள்; நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ, இறைவன் அறிவார். சனிக்கிழமைகளில் பேத்தி பாட்டியிடம் இருக்கிறாள்.

சென்ற வாரம் நியாயவிலைக் கடை வழியே நாம் வந்தபோது, தந்தை தம் தாயைச் சைக்கிளில் உட்காரவைத்து உருட்டிக்கொண்டு வந்தார். அவரது சட்டைப் பையில் ஒரு பழைய நாட்குறிப்பு. "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டோம். சற்று வெட்கத்தோடு திறந்து காட்டினார். தேதி, எந்த விரல், எத்தனை முறை, கடைக்காரர் என்ன சொன்னார் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். "மகளுக்கு உதவும்ல சாமி" என்றார்.

மாணாக்கரின் பாதுகாவலராகிய புனித தாமஸ் அக்குவினாஸ் நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. நல்ல கேள்விகளை அவர்கள் அஞ்சாமல் கேட்கவும், நாம் பொறுமையோடு செவிசாய்க்கவும் இறைவன் அருள்வாராக.